சூழ்ச்சியும் பணியுயர்வும்

முன்னுரை

படிப்பை முடித்துப் பணிக்குச் சென்ற பழைய மாணவர்கள் விடுமுறை நாள்களில் நம்மைக் காண வருவதுண்டு. எந்த ஊர், எவ்வளவு ஊதியம், தங்கும் இடம் எப்படி என்னும் பேச்செல்லாம் முடிந்து எழுந்து செல்லும் வேளையில், அவர்களுள் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, வேலை கடினமாக இல்லை. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் அரசியல்தான் கடினமாக இருக்கிறது. நாமும் அதில் இறங்கினால்தான் பிழைக்க முடியுமா?" என்பதே அவ்வினா.

"இறங்காதே" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை போதாது. இறங்காமல் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் உயர்ந்துவிடவில்லை. ஒதுங்கி நின்றதாலேயே பிறர் கண்ணில் படாமல் போனவர்களும் உண்டு. இறங்கியவர்கள் எல்லாரும் வீழ்ந்துவிடவும் இல்லை. ஆகவே எது அரசியல், எது அரசியல் அன்று, அரசியலின்றி ஒருவர் பணியில் உயரும் வழி எது என்பனவற்றை ஆராய்ந்து காண்பது தேவையாகின்றது. தமிழ் இலக்கியமும் இசுலாமிய நெறியும் இதற்குத் தெளிவான விடை தருகின்றன என்பது நம் கருத்து.

சூழ்ச்சி என்னும் சொல்

அலுவலகத்தில் நிகழும் மறைமுகச் செயல்களை இன்று நாம் 'சூழ்ச்சி' என்கிறோம். இச்சொல் வஞ்சகம், சதி என்னும் பொருளிலேயே இக்காலத்தில் வழங்குகிறது. ஆயின் வள்ளுவர் காலத்தில் இதன் பொருள் வேறு. திருக்குறளின் 68ஆம் அதிகாரமாகிய வினைசெயல்வகை, 'சூழ்ச்சி' என்னும் சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. அங்கு அது ஆராய்ந்து எண்ணுதல் என்னும் பொருளில் நிற்கிறது. ஆராய்ச்சியின் பயன் ஒரு முடிவுக்கு வருவதே என்றும், முடிவுக்கு வந்தபின் காலம் தாழ்த்தல் தீது என்றும் அக்குறள் அறிவுறுத்துகிறது. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் மன்னனுக்குக் கண்போன்ற அமைச்சர்களைச் 'சூழ்வார்' என்றே வள்ளுவர் குறிக்கிறார். ஒரு பொருளைச் சுற்றிநின்று எல்லாப் பக்கமும் நோக்குதல் சூழ்தலாயிற்று எனக் கொள்வது பொருந்தும்.

இத்துணை உயர்ந்த சொல் எவ்வாறு தாழ்ந்தது? அலுவலகங்களைக் கண்டவர்க்கு விடை எளிதில் தோன்றும். உரியவரை உள்ளே வைத்துக்கொண்டு எண்ணுவது ஆராய்ச்சி. அவரை வெளியே நிறுத்திவிட்டு எண்ணுவது வஞ்சகம். கதவின் உட்புறம் யார் இருக்கிறார், வெளிப்புறம் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரே செயல் அறமாகவும் மறமாகவும் மாறுகிறது.

இவ்வேறுபாட்டை இசுலாம் இரு சொற்களால் தெளிவாக்குகிறது. கலந்தாய்தல் 'மஷூரா' எனப்படும். திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கு 'அஷ்ஷூரா' என்பதே பெயர். தம் காரியங்களைக் கலந்தாய்ந்து நடத்துவோர் அதில் சிறப்பித்துக் கூறப்படுகின்றனர். மறைவாகக் கிசுகிசுத்தல் 'நஜ்வா' எனப்படும். 58ஆம் அத்தியாயம் பாவத்திற்கும் பகைமைக்குமான இரகசியப் பேச்சைக் கண்டிக்கிறது. மூவர் கூடியுள்ள இடத்தில் மூன்றாமவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் தனித்துப் பேசலாகாது என்றும், அது அவரை வருத்தும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. மூவர் அமர்ந்துள்ள ஓர் அறைக்கு வகுத்த இந்நெறி, முந்நூறு பேர் பணியாற்றும் நிறுவனத்திற்கும் பொருந்துவதே.

எனவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றே: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர் முன்னிலையில் அதனைப் பேச முடியுமா? முடியுமெனில் அது அரசியல் அன்று. முடியாதெனில் அதனை எப்பெயரிட்டு அழைத்தாலும் அது அரசியலே. 'புறம்' என்னும் சொல்லுக்கு முதுகு என்னும் பொருளும் உண்டு. புறங்கூறல் என்பது ஒருவர் முதுகுக்குப் பின்னே நின்று பேசுதல். எல்லாவற்றையும் எல்லார் முன்னும் பேசவேண்டும் என்பது இதன் பொருளன்று. தேர்வு மதிப்பெண், நேர்முகத் தேர்வு, ஒழுங்கு விசாரணை முதலியவற்றில் இரகசியம் காப்பது கடமை. ஆயினும் கேட்கப்படும் நாளில் உரியவர் முகம் நோக்கிச் சொல்லத்தக்கதையே மறைவிலும் சொல்லவேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

புறத்தே நிகழ்வன

அலுவலக அரசியல் என்பது பெரும் சதியாகத் தொடங்குவதில்லை. ஒரு சுற்றறிக்கையை உரியவர்க்குக் காட்டாமல் இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வதில் அது தொடங்கும். பிறர் தயாரித்த அறிக்கையைத் தம் கையால் மேலதிகாரியிடம் கொடுத்து, "நான்தான் முடித்தேன்" என்னும் தோற்றத்தை உண்டாக்குவதில் வளரும். ஒரே ஊரார், ஒரே சாதியார், ஒரே சமயத்தார், ஒரே கல்லூரியில் பயின்றார் என்னும் வட்டங்களாக இறுகும். முடிவில் கையொப்பமில்லாத மொட்டைக் கடிதமாக முதிரும்.

இவை அனைத்திலும் பொதுவாக உள்ளது இருள். ஆதலின் இவற்றுக்கு மருந்தும் வெளிச்சமே என்பதை அரசுப்பணி விதிகளை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். தம் பணி தொடர்பான நலன்களுக்காக மேலதிகாரிகள் மீது வெளியாரின் செல்வாக்கைப் பயன்படுத்தலாகாது என, 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 20ஆம் விதி கூறுகிறது. பெயரில்லாப் புகார்களின் மீது நடவடிக்கை எடுக்கவேண்டாம் என மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் அறிவுறுத்தியது. அரசு ஊழியர் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டு இரகசியக் குறிப்பில், பாதகமானவற்றை மட்டுமேயன்றி எல்லாப் பதிவுகளையும் அவ்வூழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே அறியாதவன் எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்வான், எவ்வாறு மறுப்புரைப்பான் என்னும் எளிய நியாயமே அத்தீர்ப்பின் உயிர். முகத்துக்கு முன் சொல் என்னும் அறத்தையே சட்டமும் தன் மொழியில் கூறுகிறது.

புறங்கூறலின் கொடுமை பெண் பணியாளரைச் சாரும்போது இன்னும் மிகுகிறது. திறமையால் ஒரு பெண் உயர்வு பெற்றாலும், அவள் நடத்தையைக் குறித்து ஒரு சொல்லைக் காற்றில் விட்டுவிடுவோர் உண்டு. கற்புடைய பெண்டிர்மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்க்குத் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் கடுந்தண்டனை விதிப்பதோடு, அவர்தம் சாட்சியத்தை ஏற்கவேண்டாம் என்றும் கூறுகிறது. தேநீர் வேளையில் சிரிப்புக்காகச் சொல்லும் சொல் எத்தகைய குற்றமென்பதை இதனால் உணரலாம்.

வள்ளுவர் காட்டும் பணிநெறி

மேலதிகாரியோடு பழகும் முறையை வள்ளுவரைப்போல் நுணுகி ஆராய்ந்தவர் அரியர். மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் 70ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களும் இன்றைய அலுவலகத்திற்கு எழுதியவை போலத் தோன்றும். குளிர்காய்வோர் தீயை மிக நெருங்குவதுமில்லை, மிக விலகுவதுமில்லை என்பது அதன் முதல் உவமை. மேலதிகாரியின் அறையிலேயே நாள் முழுதும் அமர்ந்திருப்பவரும், அவ்வறைப் பக்கமே தலைகாட்டாதவரும் ஆகிய இருவருமே இவ்வுவமையால் அறிவுறுத்தப்படுகின்றனர்.

பெரியோர் முன்னிலையில் பிறர் செவியில் கிசுகிசுப்பதையும், பிறரோடு சேர்ந்து நகைப்பதையும் வள்ளுவர் விலக்குகிறார். தலைவர் பிறரோடு பேசும் மறைபொருளை ஒட்டுக்கேளாமலும், "என்ன பேசினீர்கள்?" என்று துருவிக் கேளாமலும், அவரே கூறும்போது கேட்டுக்கொள்ளவேண்டும் என்கிறார். பயனுள்ளதைக் கேளாதபோதும் சொல்லவேண்டும் என்றும், பயனற்றதைக் கேட்டபோதும் சொல்லலாகாது என்றும் வரையறுக்கிறார். 'நெடுநாள் பழக்கம் உடையோம்' என்னும் உரிமையால் தகாதன செய்வது கேடு தரும் என்று அதிகாரத்தை முடிக்கிறார்.

இவ்வறிவுரைகளைக் கண்டு, வள்ளுவர் பணிந்து போகச் சொல்கிறார் என்று எண்ணிவிடலாகாது. அமைச்சு என்னும் 64ஆம் அதிகாரத்தில், தலைவன் தானும் அறியாதவனாய்ப் பிறர் அறிவையும் தள்ளுபவனாய் இருப்பினும், உறுதியானதை எடுத்துக் கூறுதல் உடனிருப்பவன் கடமை என்கிறார். ஆக, அடக்கமும் அஞ்சாமையும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தலைவர் முன்னே வாய்மூடி இருந்துவிட்டு வெளியே வந்து அவரைப் பழிப்பவரிடம் இவ்விரண்டும் இல்லை.

யூசுப் நபியின் வரலாறு

இவ்வறத்தை வாழ்ந்து காட்டிய வரலாறு ஒன்றைத் திருக்குர்ஆன் தன் 12ஆம் அத்தியாயம் முழுவதும் விரித்துரைக்கிறது. உடன்பிறந்தார் பொறாமையால் கிணற்றில் தள்ளப்பட்டு, அந்நிய நாட்டில் விற்கப்பட்டு, செய்யாத குற்றம் சுமத்தப்பட்டுச் சிறைபுகுந்தவர் யூசுப் (அலை) அவர்கள். பொறாமை, பொய்ப்பழி, மேலிடத்தின் அநீதி என இன்று பணியிடத்தில் ஒருவர் அஞ்சும் யாவும் அவர்களுக்கு நேர்ந்தன.

சிறைத் தோழர் ஒருவர் விடுதலையாகும்போது, மன்னரிடம் தம்மைப் பற்றிக் கூறுமாறு யூசுப் (அலை) அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தோழர் மறந்துவிடுகிறார், ஆண்டுகள் சில கழிகின்றன. பின்னர் மன்னர் கண்ட கனவுக்குப் பொருள் கேட்டு அதே தோழர் வந்து நிற்கிறார். "முதலில் என்னை விடுவியுங்கள், பிறகு சொல்கிறேன்" என்று அவர்கள் பேரம் பேசவில்லை. ஏழு ஆண்டு விளைச்சலையும் ஏழு ஆண்டு பஞ்சத்தையும் எடுத்துரைத்து, தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் வழியையும் அப்பொழுதே கூறிவிடுகிறார்கள். அறிவை மறைத்துவைத்து விலைபேசாமை இதிலுள்ள முதற்பாடம்.

மன்னர் அழைப்பு வந்ததும் சிறையினின்று உடனே வெளியேறவில்லை என்பது இரண்டாவது பாடம். தம்மீது சுமத்தப்பட்ட பழியை விசாரிக்குமாறு தூதரைத் திருப்பி அனுப்புகிறார்கள். உண்மை வெளிப்பட்டு, பழி கூறியவளே ஒப்புக்கொண்ட பின்னரே மன்னர் அவைக்கு வருகிறார்கள். பதவி காத்திருக்கலாம், பெயர் தூய்மையாக வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு.

மூன்றாவது பாடமே நம் மாணவர்க்கு மிகவும் தேவையானது. நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு யூசுப் (அலை) அவர்கள் தாமே மன்னரிடம் கேட்கிறார்கள். காப்பதில் நம்பிக்கைக்குரியவர், அத்துறை அறிந்தவர் என்னும் இரு தகுதிகளையும் தாமே எடுத்துரைக்கிறார்கள். பொறுப்பை வெளிப்படையாகக் கேட்பதும், தகுதியை உள்ளபடி உரைப்பதும் தற்பெருமையல்ல என்பது இதனால் பெறப்படும். "நல்ல வேலை தானே பேசும்" என்று வாளாவிருப்பதை அடக்கம் என நம்மவர் கருதுகின்றனர். வேலை சில நேரங்களில் பேசாது. அதனைச் செய்தவரே பணிவோடு பேசவேண்டியிருக்கும். அவர்கள் பிறர் எவரையும் தாழ்த்தி அப்பதவியைக் கேட்கவில்லை என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது. அதிகாரம் கைக்கு வந்தபின், பஞ்சத்தால் வாடிவந்த உடன்பிறந்தாரைப் பழிவாங்காது மன்னித்தார்கள் என்பது அவ்வரலாற்றின் நிறைவு.

பரிந்துரையும் பக்கவழியும்

'சிபாரிசு' என்றாலே பலர் முகம் சுளிப்பர். எல்லாப் பரிந்துரையும் இழிவன்று என்பதற்குத் தமிழ்த்துறையினர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார், பணியினின்று ஓய்வுபெற எண்ணியபோது, தம் இடத்திற்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். 'ஒருசாலை மாணாக்கருக்குச் செய்த உதவி' என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. செட்டியார் தம் கருத்தைக் கல்லூரித் தலைவரிடம் வெளிப்படையாகக் கூறினார். கல்லூரியினரும் இளைஞரின் புலமையை நேரில் சோதித்து அறிந்த பின்னரே அவரை ஏற்றனர். 1880இல் அவ்வாறு பணியேற்றவரே பின்னர்ச் சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்துத் தமிழுக்கு அழியாத வாழ்வளித்தார்.

பரிந்துரைப்பவர் தம் பெயரை மறைக்காமையும், பரிந்துரைக்கப்பட்டவர் சோதனைக்கு அஞ்சாமையும் நேரிய பரிந்துரையின் இலக்கணம். இவ்விரண்டும் இல்லாதது பக்கவழி.

மேலிருப்போர் கடன்

அலுவலக அரசியலுக்குக் கீழுள்ளோரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. புறங்கூறுபவனைவிட அதற்குச் செவிகொடுப்பவனே அதனை வளர்க்கிறான். ஒருவர் மற்றொருவரைப் பற்றிப் பழிகூற வருங்கால், "அவரையும் அழையுங்கள், இருவரும் இருக்கையில் பேசுவோம்" என்று தலைவர் கூறிவிட்டால், அப்பேச்சு அந்நொடியே அடங்கிவிடும்.

1912 மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கணிதத் திறத்தை அங்கு மேலாளராயிருந்த நாராயண ஐயர் கண்டார். 'நமக்குக் கீழுள்ளவன் நம்மை விஞ்சுகிறானே' என்று அவர் அஞ்சவில்லை. அவரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அளித்த ஆதரவு அவ்விளைஞரைப் பல்கலைக்கழக ஆய்வுதவித் தொகைக்கும், 1914இல் கேம்பிரிட்ஜுக்கும் இட்டுச்சென்றது. அவ்விளைஞரே கணிதமேதை சீனிவாச இராமானுசன்.

இராமேசுவரம் ஈன்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் கூறிவந்த நிகழ்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் வானில் எழுந்து, நெறிதவறிக் கடலில் வீழ்ந்தது. அன்று செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18ஆம் நாள் அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர்களைச் சந்திக்குமாறு அவர் கலாம் அவர்களைப் பணித்தார். தோல்வியைத் தம் தோளிலும் வெற்றியைப் பிறர் கையிலும் வைக்கும் தலைவர் வாய்த்த இடத்தில் அலுவலக அரசியல் வேரூன்றுவது அரிது.

மௌனம் செய்த பிழை

இவ்வளவும் எழுதிய நாம் நம் பிழை ஒன்றையும் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், பணியேற்ற தொடக்கக் காலத்தில், வேறொரு கல்லூரியில் நிகழ்ந்தது அது. கருத்தரங்க மலர் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பை உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் ஏற்றிருந்தார். கட்டுரைகளைத் திரட்டியதும், மும்முறை பிழைதிருத்தியதும், அச்சகத்துக்கும் கல்லூரிக்கும் இடையே அலைந்ததும் அவரே. வெளியீட்டு விழாவில் முதல்வர் பாராட்டியது வேறொருவரை. பாராட்டப்பட்டவர் எழுந்து கைகூப்பினார். நண்பர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் அருகில் நாம் அமர்ந்திருந்தோம்.

அன்று விழாவில் எழுந்து பேசியிருக்க வேண்டுவதில்லை. அடுத்து நடந்த துறைக்கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'நமக்கேன் வம்பு? நாம் அரசியல் செய்பவரல்லர்' என்று இருந்துவிட்டோம். அதைப் பெருமையாகவும் கருதினோம். மறு ஆண்டே நண்பர் வேறு பணி தேடிச் சென்றுவிட்டார்.

நெடுங்காலம் கழித்து ஒரு திருமண விருந்தில் ஒரே சஹனில் உணவருந்த அமர்ந்தோம். பழைய நாள்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. "அவர் பெயரெடுத்துக் கொண்டதை அன்றே மறந்துவிட்டேன். நீங்கள் எல்லாம் அறிந்தும் பேசாமல் இருந்ததுதான் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டிருந்தது" என்றார். சொல்லிவிட்டுத் தாளிச்சாக் கிண்ணத்தை நம் பக்கம் நகர்த்தினார். நமக்குச் சோறு இறங்கவில்லை.

அரசியலில் இறங்காமை வேறு, அநீதியைக் கண்டும் வாளாவிருத்தல் வேறு என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம். பழிகூறும் நாவைப் போலவே, கூறவேண்டியதைக் கூறாத நாவும் ஒருவரைப் பணியிடத்தினின்று வெளியேற்றிவிடும். அதன்பின் நாம் பங்குபெறும் கூட்டம் எதுவாயினும், அப்பணியில் உழைத்தோர் பெயர்களை முதலில் எடுத்துரைப்பதைக் கடமையாகக் கொண்டுள்ளோம். அந்நண்பருக்குச் செலுத்தவேண்டிய கடனை வேறு எவ்வாறும் நம்மால் தீர்க்க முடியவில்லை.

நாளும் கைக்கொள்ளத்தக்கன

பணிக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் கூறத்தக்கவை சில.

முதலாவது, வேலையைத் திருத்தமாகக் கற்றுக் குறித்த நாளில் முடித்தல். இஃதில்லாதவர் 'எனக்கு அரசியல் தெரியாது. அதனால் பின்தங்கினேன்' என்று கூறுவது தம் சோம்பலுக்குத் தேடும் போர்வை. பணிக்கு அமர்த்தத் தக்கவர் வலிமையும் நம்பகமும் உடையவர் என்று மூசா (அலை) அவர்களின் வரலாற்றில் திருக்குர்ஆன் கூறுகிறது. நம்பகம் மட்டும் போதாது, செயல்வலிமையும் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தில் வைத்தல். வாய்மொழியாகப் பணிக்கப்பட்டதைப் 'தாங்கள் இன்று கூறியவாறு இதனை மேற்கொள்கிறேன்' என ஒரு சிறு குறிப்பாக எழுதி உரியவர்க்கு அனுப்பிவிடுதல் நன்று. கூட்டத்தில் எடுத்த முடிவுகளை நடவடிக்கைக் குறிப்பில் அன்றே பதியச் செய்யவேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் விரிவாக வலியுறுத்துவது ஐயத்திற்கு இடமில்லாமல் செய்வதற்கே. கோப்பில் உள்ளதை எந்தக் கிசுகிசுப்பும் மாற்றிவிட முடியாது.

மூன்றாவது, செய்த பணியைத் திங்கள்தோறும் சுருக்கமாக மேலதிகாரிக்குத் தெரிவித்தல். அதில் உடன் உழைத்தோர் பெயரை விடாது குறித்தல் வேண்டும். பிறர் பெயரைச் சேர்ப்பதால் நம் பெயர் சிறுத்துவிடுவதில்லை. அதனை மறைத்தது தெரியவரும்போதுதான் சிறுக்கும்.

நான்காவது, எல்லாரோடும் பழகுதல். உணவு இடைவேளையில் ஒரே வட்டத்தோடு மட்டும் அமராமல், எழுத்தர், அலுவலக உதவியாளர், காவலர் என யாவரிடமும் நலம் உசாவவேண்டும். நட்பு அரசியலன்று. ஒருவரை விலக்குவதற்காகச் சிலர் கூடுவதே அரசியல். அரசியலுக்கு அஞ்சித் தனித்திருப்பவரைப் பற்றிப் பிறர் எதைக் கூறினும் நம்பப்படும். பலரோடும் பழகியவரைப் பற்றிக் கூறும் பொய் எளிதில் நிற்காது.

ஐந்தாவது, புறம்பேச்சு எழுமிடத்தில் "இதனை அவரிடமே கேட்டீர்களா?" என்று இன்முகத்தோடு வினவுதல். இதற்கு வழக்காடும் திறன் வேண்டுவதில்லை. இருமுறை இவ்வாறு வினவியவரிடம் மூன்றாம் முறை எவரும் புறம்பேச வருவதில்லை.

ஆறாவது, குறை இருப்பின் உரியவரிடம் முதலில் நேரில் கூறுதல். தீராவிடின் உரிய வழியாக மேலிடத்திற்குப் பெயரும் கையொப்பமும் இட்டு எழுதுதல். முறையீடு செய்வது உரிமை. மொட்டைக் கடிதம் எழுதுவது கோழைமை.

நெறியின் விலை

இந்நெறியில் நிற்போர் எப்போதும் பதவி பெறுவர் என்று நாம் உறுதி கூறவில்லை. அவ்வாறு கூறின் அது மாணவர்களை ஏமாற்றுவதாகும். சில வேளைகளில் இழப்பும் நேரும். இழப்பை எதிர்கொள்ளும் முறையிலும் நெறி உண்டு.

கி.பி. 634இல் உமர் (ரலி) அவர்கள் கலீபாவானபோது, சிரியாவில் வெற்றிமேல் வெற்றி ஈட்டிய காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடமிருந்து படைத்தலைமை அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு மாற்றப்பட்டது. காலித் (ரலி) அவர்கள் தமக்கெனக் கூட்டம் திரட்டவில்லை. புதிய தலைவரின் கீழ் நின்று தொடர்ந்து பணியாற்றினார்கள். நம் காலத்தில், நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 1979இல் உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள், 1981இல் கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது அதனை ஏற்காது பதவி விலகினார்கள். கம்பனின் காவியத்தில் தோய்ந்த அவ்வறிஞரைத் தமிழுலகம் இன்றும் போற்றுகிறது. ஒருவர் பொறுமையோடு நின்றார்; ஒருவர் மதிப்போடு விலகினார். நிற்பதா விலகுவதா என்பது அவரவர் சூழலையும் மனச்சான்றையும் பொறுத்தது. இருவரும் செய்ததை மறைவின்றிச் செய்தனர் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

முடிவுரை

பணி என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். ஊதியம் தருபவர் மட்டுமன்று, அருகில் அமர்ந்து உழைப்பவரின் நற்பெயரும் அவ்வமானத்துள் அடங்கும். அதனைக் காப்பவர் அரசியல் செய்யாதவர் மட்டுமல்லர். தம்மைச் சுற்றியுள்ள இடத்தில் அரசியல் தழைக்காமற் செய்பவரும் ஆவர்.

சூழ்ச்சி என்னும் சொல் ஒரு காலத்தில் நல்ல சொல்லாக இருந்தது. அதற்கு அப்பழைய பொருளை மீட்டுத் தருவது அகராதியால் ஆவதன்று. அலுவலகக் கூட்டங்களில் அமரப்போகும் நம் மாணவச் செல்வங்களால் ஆவது. அடுத்தமுறை அவர்கள் நம்மைக் காணவரும்போது, "ஐயா, கதவைத் திறந்துவைத்தே பேசினோம்" என்று கூறுவார்களாயின், அதுவே நாம் கற்பித்த தமிழின் பயன். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!